மழைக்காலத்தில் வீடு மாறும்போது மரச்சாமான்களைச் சேதமில்லாமல் கொண்டுசெல்வது எப்படி?

தக்கலைக்கு அருகில் உள்ள பழைய ஓட்டு வீட்டைக் காலிசெய்துவிட்டு, ஐப்பசி மாதத்தில் நாகர்கோவிலில் ஓர் இரண்டாம் மாடி வீட்டுக்குக் குடிபோகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டி காலத்துப் பலாமர அலமாரி, ஈட்டி மரக் (ரோஸ்வுட்) கட்டில், நெல் கொட்டி வைக்கும் பெரிய மரப்பெட்டியான பத்தாயம், இரும்பு பீரோ, கண்ணாடி மேற்பலகை கொண்ட சாப்பாட்டு மேசை, பிளைவுட் ஷோகேஸ், சோபா ஆகியவற்றைக் கீறலும் உடைவும் இல்லாமல் எப்படிக் கொண்டுபோவது என்பது உங்கள் கேள்வி. பழைய மரச்சாமான்களைச் செப்பனிடுவதே என் தொழில் என்பதால், வீடு மாறிய கையோடு பட்டறைக்கு வந்து சேரும் சாமான்களை நான் தொடர்ந்து பார்த்துவருகிறேன். வண்டியின் குலுக்கலால் கெட்டவை அவற்றில் குறைவு. ஈரத்தை உள்ளே வைத்துக் கட்டியதாலும், பிடிக்கக் கூடாத இடத்தில் பிடித்துத் தூக்கியதாலும் கெட்டவையே மிகுதி. இந்த இரண்டையும் தவிர்த்துவிட்டால் மற்றவற்றை ஒரு நாள் உழைப்பில் சரியாகச் செய்துவிடலாம்.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மூத்தவர்கள் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து மரம் சற்று உலர்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். அந்த மாதத்தில் மரம் ஏற்கெனவே காற்றின் ஈரத்தை உறிஞ்சி அகலவாட்டில் உப்பியிருக்கும். நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுவதையும் சாமான் ஏற்றுவதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறித்த நாளில் விளக்கு, பாத்திரம், பாய் ஆகியவற்றுடன் போய்ப் பால் காய்ச்சிவிட்டு, வானம் வெளுத்திருக்கும் வேறொரு நாளில் மரச்சாமான்களை ஏற்றுவதற்கு வீட்டுக்காரரிடமும் வண்டிக்காரரிடமும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு ஏற்பாடு, நீங்கள் வாங்கும் எல்லாப் பொதியுறைகளையும்விட அதிகமாக உதவும்.

அடுத்து, எதையும் கட்டத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு சாமானையும் சுவரைவிட்டு நகர்த்தி, பின்பக்கத்தையும் கால்களின் அடிப்பகுதியையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பழைய ஓட்டு வீடுகளில் தரை ஈரத்தோடு கரையானும் ஏறியிருப்பது வழக்கம். ஒரு மெல்லிய கம்பியால் காலின் அடியில் குத்திப் பார்த்தால், உள்ளே கூடாகிவிட்ட மரம் எதிர்ப்பில்லாமல் வழிவிடும். சிறு துளைகளுக்குக் கீழே வெண்மையான, மாவு போன்ற தூள் புதிதாக உதிர்ந்திருந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். ரப்பர் மரத்தில் செய்த சாமான்களில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். மருந்தேற்றிப் பதப்படுத்தாமல் அறுத்துச் செய்ததாக இருந்தால் வண்டும் பூசணமும் விரைவில் பிடிக்கும். இப்படிப்பட்ட சாமானுக்கு மருந்து போட்டு, அது காய்ந்த பிறகுதான் புதிய வீட்டுக்கு எடுத்துச்செல்ல வேண்டும். மற்றவற்றோடு நெருக்கி ஏற்றி அனுப்பினால், அந்த வீட்டின் கதவு நிலைக்கும் சேர்த்து நோயைக் கொண்டுபோகிறீர்கள்.

அளவெடுப்பதைப் பலரும் கடைசி நிமிடத்துக்கு விட்டுவிடுகிறார்கள். சாமானின் நீளம், அகலம், உயரத்தோடு அதன் குறுக்கு அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, 78 அங்குல உயரமும் 19 அங்குல ஆழமும் உள்ள பீரோவைச் சாய்த்துக் கொண்டுபோய் அறைக்குள் நிமிர்த்தும்போது அது ஒரு கட்டத்தில் 80 அங்குலத்துக்கும் சற்று அதிகமான உயரத்தை எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தில் மேலே பரண் தாழ்வாக இருந்தால் பீரோவின் மேல்விளிம்பு பரணில் மோதி நெளியும். மாடிப்படி திரும்பும் இடத்தின் அகலத்தையும் கைப்பிடிச் சுவரின் உயரத்தையும் நேரில் போய் அளந்து வாருங்கள். பழைய வீட்டிலும் அளக்க வேண்டும். அலமாரி உள்ளே வந்த பிறகு கதவு நிலையை மாற்றிய வீடுகளும், இடைச்சுவர் எழுப்பிய வீடுகளும் நம் பக்கத்தில் நிறைய உண்டு.

இனிக் கழற்றுவது. எதைக் கழற்ற வேண்டும், எதைக் கழற்றக் கூடாது என்பதை, மரத்துண்டுகள் இணையும் மூட்டுகளைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். போல்ட், நட் போட்டு இணைத்த கட்டிலைக் கட்டாயம் கழற்ற வேண்டும். துளையும் அதற்குள் நுழையும் கழுந்தும் (நாக்கு போல் செதுக்கிய முனை) சேர்த்து மர ஆணி அடித்த பழைய மூட்டு தானாக அசைந்தால் மட்டும், மர ஆணியை மறுபுறத்திலிருந்து மெதுவாகத் தட்டி எடுத்துவிட்டுப் பிரிக்கலாம். பசை போட்டு இறுகிய மூட்டைத் தொடவே கூடாது. தட்டுவதற்கு இரும்புச் சுத்தியலைப் பயன்படுத்தாதீர்கள். கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) இல்லாவிட்டால் இடையில் ஒரு மரத்துண்டை வைத்துத் தட்டுங்கள். ஈட்டி மரம் ஒரு கன மீட்டருக்கு 800 கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. தேக்கைவிட நன்றாகவே கனம். பிரிக்கும்போது ஒரு பக்கச் சட்டத்தை ஒருவர் தாங்கிப் பிடிக்காமல் விட்டால், அந்தக் கனமே மறுமுனையில் உள்ள கழுந்தை முறித்துவிடும். முறிந்த கழுந்தை மாற்றுவது கட்டிலையே பாதி புதிதாகச் செய்வதற்குச் சமமான வேலை.

பிரிக்கும் முன் நான்கு மூலைகளையும் கைபேசியில் படமெடுங்கள். பிறகு ஒவ்வொரு மூட்டின் இரு பக்கத்திலும், வெளியே தெரியாத உட்புறத்தில், சாக்கட்டியால் ஒரே எண்ணை எழுதுங்கள்: தலைமாட்டு வலது மூட்டின் சட்டத்திலும் காலிலும் 1, இடது மூட்டில் 2 என்ற வகையில். கையால் செய்த கட்டிலில் நான்கு மூட்டுகளும் ஒரே அளவில் இருப்பதில்லை; தச்சர் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்துச் சீவிப் பொருத்தியிருப்பார். மாற்றிப் போட்டால் ஒன்று தளரும், இன்னொன்று ஏறாது. கழற்றிய போல்ட், நட், வாஷர், தாழ்ப்பாள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு, எந்தச் சாமானுக்கு உரியது என்று ஒரு சீட்டும் எழுதிப் போட்டு, வண்டியில் ஏற்றாமல் உங்கள் கைப்பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தாயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டு வீடுகளில் பல பத்தாயங்கள் அறையின் வாசலைவிடப் பெரியவை; பலகைகளாக உள்ளே கொண்டுவந்து, மூலைக்கால்களில் வெட்டிய காடிகளில் (நீளப் பள்ளங்களில்) இறக்கிப் பொருத்தியவை. உங்களுடையது அப்படிப்பட்டதா என்று மேல்மூடியைத் திறந்து மூலைகளைப் பாருங்கள். காடி தெரிந்தால், மேலிருந்து கீழாக ஒவ்வொரு பலகையையும் எண்ணிட்டு உருவலாம். மழை மாதத்தில் பலகை உப்பிக் காடியில் இறுகியிருக்கும். கடப்பாரையால் நெம்பினால் காடியின் உதடு உடையும். உருவ வேண்டிய நாளுக்குச் சில நாள் முன்பே மூடியைத் திறந்து வைத்து, மின்விசிறிக் காற்று படச் செய்து, காடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து விட்டால் பெரும்பாலும் இளகிவிடும். அப்படியும் அசையாவிட்டால், அதை மட்டும் பழைய வீட்டிலேயே விட்டுவைத்து மாசி, பங்குனியில் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்பதே நல்லது. இரண்டு தலைமுறை நெல் கொட்டிய பலகையை ஓர் அவசரத்துக்காகப் பிளப்பதை என்னால் ஏற்க முடியாது.

இனிப் பொதிவது. இதில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. பபிள் ஷீட்டையோ ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் படலத்தையோ வாங்கி, மரத்தின் மேல் நேரடியாகச் சுற்றி, இறுக்கி, பிரவுன் டேப் ஒட்டிவிடுகிறார்கள். பார்ப்பதற்குப் பத்திரமாகத் தெரியும். பகலில் வெயிலிலும் வண்டிச் சூட்டிலும் உள்ளே அடைபட்ட காற்று சூடேறி மரத்தின் ஈரத்தை இழுக்கும். மாலையில் மழை பெய்து குளிர்ந்ததும் அந்த ஈரம் நீர்த்துளியாகப் படலத்தின் உட்பக்கத்தில் படிந்து, மீண்டும் பாலிஷின் மேலேயே இறங்கும். உங்கள் அலமாரியும் கட்டிலும் பழையவை என்பதால் அவற்றின் மேல் இருப்பது பெரும்பாலும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசிய பழைய பாலிஷாக இருக்கும். அந்தப் பாலிஷ் ஈரம் பட்டால் வெளிறிப் பால் நிறம் கொள்ளும். சூடு பட்டால் இளகும். இளகிய நேரத்தில் பபிள் ஷீட்டின் குமிழிகள் அழுந்தினால், வட்டவட்டமான தடங்கள் மேற்பரப்பில் பதிந்துவிடும். அவற்றைத் துடைத்து எடுக்க முடியாது. பாலிஷைச் சுரண்டி மறுபடி போடத்தான் வேண்டும்.

ஆகையால் மரத்தைத் தொடும் முதல் உறை எப்போதும் பருத்தித் துணியாக இருக்கட்டும். துவைத்துக் காய்ந்த பழைய வேட்டி, சேலை, சாரம் (லுங்கி), படுக்கை விரிப்பு எல்லாம் இதற்குப் போதும். அதன்மேல் இரண்டாவதாகக் கனமான அட்டையையோ பழைய போர்வையையோ மூலைகளிலும் விளிம்புகளிலும் மடித்து வையுங்கள். அடி படுவது எப்போதும் மூலையில்தான், பரப்பின் நடுவில் அரிதாகவே படும். பிளாஸ்டிக் வேண்டுமென்றால் மூன்றாவதாக, மழைக்கு மட்டும், தலையிலிருந்து போர்த்தியது போல் போட்டு அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். டேப்பைத் துணியின் மேலோ அட்டையின் மேலோ ஒட்டலாம்; மரத்தின் மேல் ஒட்டினால் எடுக்கும்போது பாலிஷும் உரிந்து வரும். செய்தித்தாளை நேரடியாக மரத்தில் வைக்காதீர்கள், ஈரம் பட்டால் மை ஒட்டும். அரிசிச் சாக்கைப் பயன்படுத்தலாம். சிமெண்ட் சாக்கை எவ்வளவு உதறினாலும் அதில் தங்கும் தூள் ஈரத்தோடு சேர்ந்து பாலிஷை அரிக்கும்.

கட்டும் கயிறு பற்றியும் ஒரு சொல். நம் ஊரில் தென்னை நார்க் கயிறு எளிதாகக் கிடைக்கும், நன்றாகவும் பிடிக்கும். ஆனால் நனைந்தால் அது விடும் பழுப்புச் சாயம் துணியையும் ஊடுருவி மரத்தில் இறங்கும். நைலான் கயிறு சாயம் விடாது, விளிம்பை வெட்டும். எதைக் கட்டினாலும், கயிறு மரத்தின் விளிம்பைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் மடித்த சாக்கையோ அட்டையையோ வைத்த பிறகே இறுக்குங்கள். நனைந்த இரும்புக் கம்பியோ சங்கிலியோ மரத்தில் படாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும்; துவர்ப்புச் சத்துள்ள மரத்தோடு ஈர இரும்பு சேர்ந்தால் கறுப்புக் கறை பிடிக்கும்.

அலமாரியில் டிராயர்களை உருவித் தனியே எடுத்துச்செல்லுங்கள். கதவில் பழைய நிலைக்கண்ணாடி பதித்திருந்தால், அதைக் கழற்ற முயல வேண்டாம். பின்பக்கம் அடித்திருக்கும் சிறு ஆணிகள் துருவேறி இருக்கும், நெம்பும்போது கண்ணாடி விரிசல் விடும். கதவைக் கீல் திருகுகளோடு கழற்றி, கண்ணாடியின் மேல் துணியும் அதன்மேல் தெர்மோகோல் பலகையும் வைத்துக் கட்டி, நிற்க வைத்தே கொண்டுபோகலாம். கண்ணாடியின் மேல் பெருக்கல் குறி போல் டேப் ஒட்டும் பழக்கம் அது உடைவதைத் தடுக்காது. உடைந்தால் துண்டுகள் சிதறாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவே.

சாப்பாட்டு மேசையின் கண்ணாடியும் அப்படித்தான். கண்ணாடியை எப்போதும் விளிம்பில் நிறுத்தியே தூக்க வேண்டும், விளிம்பில் நிறுத்தியே வண்டியில் வைக்க வேண்டும். படுக்கப் போட்டால் அதன் சொந்த எடையும் குலுக்கலும் சேர்ந்து நடுவில் வளைத்து உடைத்துவிடும். டஃபண்ட் கண்ணாடி (சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி) பரப்பில் வலுவானது, விளிம்பில் மிக மென்மையானது. தரையில் ஊன்றும்போது ஒரு சிறு கல் விளிம்பில் பட்டாலே முழுவதும் பொடிப்பொடியாகிவிடும். ஆகவே கீழ் விளிம்புக்கு நீளவாட்டில் அட்டையை மடித்துத் தொப்பி போல் போட்டு, ஊன்றும் இடத்தில் ரப்பர் மிதியடியை விரியுங்கள். கிரானைட், மார்பிள் மேற்பலகைக்கும் இதே முறைதான்.

பிளைவுட் ஷோகேஸைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். நகரும் கண்ணாடிக் கதவுகளை மேல்நோக்கித் தூக்கிக் கழற்றி எடுத்துவிடுங்கள், உள்தட்டுகளையும் எடுத்துவிடுங்கள். பின்பக்கம் அடித்திருக்கும் மெல்லிய பலகையை மட்டும் எடுக்காதீர்கள், அதுதான் பெட்டியைச் சதுரம் மாறாமல் பிடித்து வைத்திருக்கிறது. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டில் செய்ததாக இருந்தால் ஒருமுறை தண்ணீர் குடித்துவிட்டால் உப்பிய விளிம்பு பழைய நிலைக்குத் திரும்பாது. அதற்கு மட்டும் அடிப்பக்கத்தையும் பிளாஸ்டிக்கால் மூடலாம், மேல்பக்கத்தைச் சற்றுத் திறந்துவிடுங்கள். அதன் திருகுகளைக் கழற்றி மாட்டக் கழற்றி மாட்டப் பிடிமானம் குறையும். முழுதாகக் கொண்டுபோக முடிந்தால் முழுதாகவே கொண்டுபோவது மேல்.

இரும்பு பீரோவை முழுவதும் காலிசெய்து, லாக்கரையும் கதவையும் பூட்டி, சாவியை எடுத்துவிட்டு, கதவின் மேல் துணியைச் சுற்றிக் கட்ட வேண்டும். முதுகுப்பக்கம் கீழாகச் சாய்த்துத் தூக்கலாம். கதவுப்பக்கம் கீழாக ஒருபோதும் சாய்க்கக் கூடாது. கீறல் விழுந்த இடத்தில் அன்றே கொஞ்சம் பெயின்ட் தொட்டு வையுங்கள், உப்புக் காற்று வீசும் நம் ஊரில் துரு நாள் கணக்கில் பரவும். சோபாவுக்குப் போர்வையும் மழைக்குப் பிளாஸ்டிக்கும் போதும். கால்கள் திருகி எடுக்கக்கூடியவையாக இருந்தால் எடுத்துவிடுங்கள். இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டலாம், கயிற்று நார் மெத்தையையும் ஸ்பிரிங் மெத்தையையும் மடிக்கக் கூடாது.

வண்டி. 15 கிலோமீட்டர்தானே என்று குட்டி யானையில் (டாடா ஏஸ் சிறு சரக்கு வண்டியில்) மூன்று நடை போவதைவிட, பெரிய வண்டியில் ஒரே நடையாகப் போவது நல்லது. குட்டி யானையின் தட்டு ஏறத்தாழ 7 அடி நீளமும் 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உள்ளது. உங்கள் அலமாரியும் பீரோவும் ஏறினால் மற்றவற்றை அவற்றின் மேல் சாய்த்தே ஏற்ற வேண்டியிருக்கும். மூடிய வண்டி கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால் ஓட்டையில்லாத தார்ப்பாய் இருக்கிறதா என்று விரித்துப் பார்த்த பிறகே வாடகை பேசுங்கள். கனமானவை ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டி நிற்க வேண்டும். கட்டில் பலகைகளும் கண்ணாடியும் வண்டியின் பக்கச்சுவரில் நிமிர்ந்து சாய வேண்டும். இடைவெளிகளில் தலையணையும் துணிமூட்டையும் திணிக்க வேண்டும். ஒரு சாமானைக் கையால் தள்ளிப் பார்த்தால் அசையாமல் இருக்க வேண்டும். ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிப் பக்கம் குடிபோகிறவர்கள் கணவாய்க் காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று, சரியாகக் கட்டாத தார்ப்பாயையும் மேலே போட்ட மெத்தையையும் தூக்கிவிடும்.

தூக்குவதற்கு வருகிறவர்களிடம் வேலை தொடங்கும் முன்பே எந்தச் சாமானை எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டிச் சொல்லுங்கள். அலமாரியைத் தூக்கும்போது மேலே துருத்தி நிற்கும் அலங்காரப் பலகையைப் பிடிக்கக் கூடாது, அது இரண்டு ஆணியில் நிற்பது. அடிச்சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். நாற்காலியை உட்காரும் சட்டத்தில் பிடிக்க வேண்டும், கைப்பிடியில் அல்ல. மேசையை மேற்பலகையில் பிடித்துத் தூக்கினால் பலகை பெயரும். எதையும் தரையில் இழுக்க வேண்டாம். கால் மூட்டு விடுவது பெரும்பாலும் இழுக்கும்போதுதான். உங்கள் பழைய வீட்டுக்கு வண்டி வராமல் ஒற்றையடிப் பாதையில் சுமந்துபோக வேண்டியிருந்தால், இடையில் இறக்கி இளைப்பாற இரண்டு பலகைத் துண்டுகளை முன்கூட்டியே போட்டு வையுங்கள், ஈர மண்ணில் காலை ஊன்ற வேண்டாம். அனுபவமுள்ள சுமைதூக்கும் தொழிலாளர்களுக்குக் கூலியில் பேரம் பேசி, ஆள் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். ஈட்டிக் கட்டிலின் தலைமாட்டை இரண்டு மாடி ஏற்ற நான்கு பேர் வேண்டும் என்று அவர்கள் சொன்னால் அது நியாயமான கணக்கு. கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றுவதை, படிக்கட்டில் எந்த வழியும் இல்லை என்றால் மட்டும், அதைத் தொழிலாகச் செய்பவர்களிடம் விடுங்கள்.

புதிய வீட்டில் இறக்கியதும் பிளாஸ்டிக்கை அன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள்; துணியை மறுநாள் எடுத்தால் போதும். நனைந்த துணி இருந்தால் அதை மட்டும் உடனே எடுத்து, மரத்தை உலர்ந்த துணியால் மரவரியின் திசையில் ஒற்றித் துடையுங்கள், வெயிலில் வைக்காதீர்கள். சாமானுக்கும் சுவருக்கும் இடையில் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். பீரோவின் கதவு திடீரென்று மூடாமல் போனால் பூட்டைக் குறைசொல்ல வேண்டாம், தரை மட்டம்தான் காரணமாக இருக்கும். முன்காலின் அடியில் மடித்த அட்டையை வைத்துச் சரிபார்த்தால் கதவு தானாகப் பொருந்தும். பலாமர அலமாரியின் டிராயர் இறுகி நகராமல் இருந்தால், தச்சரைக் கூப்பிட்டு இழைப்புளி போட்டுச் சீவச் சொல்லாதீர்கள். அது மழை ஈரத்தில் உப்பியிருக்கிறது. இப்போது சீவினால் கோடையில் ஆடும் அளவுக்குத் தளர்ந்துவிடும். ஓரத்தில் மெழுகு தேய்த்துவிட்டு மாசி மாதம் வரை பொறுத்திருங்கள், அப்போதும் இறுகியிருந்தால் சீவிக்கொள்ளலாம்.